குவாட் பைக்குக்கு நம்பர் கிடைக்குமா?

"இன்டிகேட்டர், ரெண்டு பக்கமும் கண்ணாடி, ஹாரன், பிரேக் லைட் எல்லாம் மாட்டியாச்சு. இனி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனா டி.என். 72-ல ஒரு நம்பர் தந்துருவாங்கல்லா?" ஹேண்டில்பாரும் நாலு அகல டயரும் உள்ள காடுமேட்டு வண்டியான குவாட் பைக் வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தரமாட்டார்கள். இன்னும் பத்து சாமான் கூடுதலாக மாட்டினாலும் தரமாட்டார்கள்.

நம்மூரில் இந்த வண்டிக்கு வேலை இருக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம், குதிரைமொழி என்று விரிந்து கிடக்கும் தேரிக்காட்டுச் செம்மணலில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் புதைந்து ஹேண்டில் மடங்கிவிடும். ஜீப் இறங்கிச் சிக்கினால் இழுத்து எடுக்க இன்னொரு வண்டி வரவேண்டும். அகலமான, காற்றுக் குறைந்த நாலு டயரில் 300 கிலோ எடையுள்ள குவாட் அதே மணலில் மிதந்தாற்போலப் போய்விடும். முந்திரித் தோப்பு, பனங்காடு, களக்காட்டுப் பக்கத்து வாழைத்தோட்டத்து வண்டித்தடம் எதற்கும் ஏற்றது. வம்பு எல்லாம் தோட்டத்து வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் இரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலையில்தான் ஆரம்பிக்கிறது.

சாமான் மாட்டினால் சாலையில் ஓட்டலாம் என்ற எண்ணம் இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு விளக்கங்களிலிருந்து வருகிறது. அந்த விளக்கங்கள் பொய்யில்லை, அந்தந்த நாட்டுக்குச் சரி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விளக்கு, ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட் விளக்கு முதலானவற்றைப் பொருத்தி, காடுமேட்டு வண்டியைச் சாலை வண்டியாகப் பதிவு செய்ய இடமுண்டு. பிரிட்டனில் ஒற்றை வண்டியைச் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப்போய், அந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஒப்புதல் வாங்கும் முறை இருக்கிறது. அங்கெல்லாம் வண்டியைப் பார்த்து நம்பர் கொடுக்கிறார்கள். இங்கே மாடலைப் பார்த்து நம்பர் கொடுக்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதி, வண்டியைத் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ மாடலின் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பிடம் கொடுத்து 'வகைச் சான்று' வாங்கவேண்டும் என்கிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், டிராக்டர் என்றால் மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் ஆகியவை அப்படிப்பட்டவை. நமக்குப் பக்கத்தில் சென்னை ஒரகடத்திலும் ஒரு மையம் உண்டு. பிரேக், விளக்கு, புகை, சத்தம் எல்லாம் அங்கே அளந்து பார்க்கப்படும். தேறிய மாடலின் விவரம் வண்டிப் பதிவுக்கான அரசின் 'வாகன்' கணினித் தளத்தில் ஏறும். அதன்பின் அந்த மாடலில் விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் படிவம் 22 கொடுப்பார். 'இந்த வண்டி விதிகளுக்கு உட்பட்டது' என்று தயாரிப்பாளர் கையெழுத்திடும் காகிதம் அது. வாகன் தளத்தில் மாடல் பெயரே இல்லாத வண்டியை, நல்ல மனசுள்ள அலுவலர் ஒருவர் உதவ நினைத்தாலும் பதிவேற்ற முடியாது. கணினியில் தேர்வு செய்ய அந்தப் பெயர் இருக்காது.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த வண்டி எந்த வகையாகப் பிறந்தது?

மோட்டார் சைக்கிளாகப் பிறக்க வழியில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(27) மோட்டார் சைக்கிளை இரு சக்கர வண்டி என்றே வரையறுக்கிறது. பக்கவாட்டில் கழற்றக்கூடிய சைடுகார் இருந்தால் அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு சக்கரம் அனுமதி. ஹேண்டில்பார், கால் விரித்து உட்காரும் சீட், பைக் என்ஜின் எல்லாம் இருந்தும் பெயரில் மட்டும்தான் இது பைக். காரும் இல்லை, கார் வகைக்குக் கேட்கும் சோதனைகளை இது தாண்டாது.

'குவாட்ரிசைக்கிள்' என்று ஒரு வகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு அதைச் சொந்தப் பயன்பாட்டு வண்டியாகவும் ஓட்டலாம் என்று அறிவித்தது. அந்த வகையில் வந்த வண்டி பஜாஜ் கியூட்: 216 சி.சி. என்ஜின், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம், கூரை, கதவு, ஸ்டீயரிங். ஆட்டோவுக்கும் காருக்கும் நடுவே ஒரு வண்டி வேண்டும் என்று எழுதிய விதி அது. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் தேரியில் ஓடும் குவாட்டை அதற்குள் நுழைக்க முடியாது. 'குவாட்ரிசைக்கிள் கேட்டகரியில ரெஜிஸ்டர் பண்ணித் தாரேன் அண்ணாச்சி' என்று சொல்லும் விற்பனையாளரிடம் அந்த மாடலின் வகைச் சான்று நகலைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மிஞ்சுவது டிராக்டர். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடைமுறையில் திறந்திருக்கும் கதவு இதுதான். விதிகளில் வேளாண் டிராக்டருக்கு உள்ள வரையறை, வயல்வேலைக் கருவிகளோடோ, விளைபொருள் ஏற்றும் டிரெய்லரோடோ வேலை செய்ய வடிவமைத்த, இயந்திரத்தால் இயங்கும் நாலு சக்கர வண்டி என்பது. பெரிய பின்சக்கரம் வேண்டும், புகைக்குழாய் மேல்நோக்கி இருக்கவேண்டும் என்றெல்லாம் அதில் இல்லை. பண்ணை வேலைக்கென்று கட்டிய குவாட், இழுவைக் கொக்கியும் சுமைத் தட்டும் உடையது, இந்த வரையறைக்குள் அடங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் போலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை இப்படித்தான் டிராக்டராகச் சான்று வாங்கி இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. அன்றைய ஷோரூம் விலை 7.99 லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு நிஜமான டிராக்டரே வாங்கலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. ஐரோப்பாவிலும் பல குவாட்கள் டிராக்டர் வகையில்தான் பதிவாகி ஓடுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரே பெயரில் டிராக்டர் சான்று பெற்ற பதிப்பும், பெறாத காடுமேட்டுப் பதிப்பும் சந்தையில் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. பழைய வண்டி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். சான்றில் உள்ள மாடல் பெயரும், சேசிஸில் அடித்திருக்கும் எண்ணும், படிவம் 22-ல் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். சேசிஸ் எண் பெரும்பாலும் முன்பக்கச் சட்டத்தில், சக்கர மறைப்புக்கு உள்ளே இருக்கும். சேற்றைக் கழுவி, வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணால் படித்து எழுதினால் 8-ம் 'பி'-யும் குழம்பும்.

புது வண்டி என்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே வகைச் சான்று நகலைப் பார்த்துவிடவேண்டும். பிறகு டீலர் தரவேண்டியவை: விலைப் பட்டியல், படிவம் 21 எனும் விற்பனைச் சான்று, படிவம் 22, காப்பீடு. விண்ணப்பம் படிவம் 20-ல். முகவரிச் சான்று, ஆதார், பான் (இல்லையென்றால் படிவம் 60) சேரும். வேளாண் டிராக்டராகப் பதிவதால் நிலத்தின் சிட்டா, அடங்கல் நகலையும் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. கேட்டால் இன்னொரு நாள் அலையவேண்டாம். வெளி மாநிலத்தில் வாங்கினால் அங்கே தற்காலிகப் பதிவு போட்டுக்கொண்டு, அதன் காலம் முடிவதற்குள் இங்கே நிரந்தரப் பதிவு செய்யவேண்டும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை மாட்டிய பிறகே சாலை. டிரெய்லர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் டிரெய்லருக்குத் தனிப் பதிவு. ஓட்டுவதற்கு எல்.எம்.வி. உரிமம் போதும், 7,500 கிலோவுக்கு உட்பட்ட டிராக்டர் சட்டப்படி இலகு ரக வண்டியில் அடங்கும். இரு சக்கர உரிமம் மட்டும் வைத்திருப்பவர் இதை ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு.

டிராக்டர் என்று பதிந்தது பண்ணை வேலைக்கு. சனி, ஞாயிறு நண்பர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உவரிக் கடற்கரைக்குப் போக அல்ல. ஆர்.சி.யில் எத்தனை இருக்கை எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான்.

எந்தக் காகிதம் எதற்கு

சான்று இல்லாத வண்டியை விற்பவர் 'பேப்பர் எல்லாம் பக்கா' என்று ஒரு கட்டுக் காகிதம் காட்டுவார். அதில் ஜி.எஸ்.டி. பில் இருக்கும். வண்டியைப் பணம் கொடுத்து வாங்கினீர்கள் என்பதற்கு அது சாட்சி. சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி நகல் இருக்கும். துறைமுகத்தில் வரி கட்டி உள்ளே வந்தது என்பதற்கு அது சாட்சி. ஆங்கிலத்தில் அழகாக அச்சிட்ட ஐரோப்பிய ஒப்புதல் சான்றுகூட இருக்கலாம். அது ஐரோப்பாவில் செல்லும். மூன்றும் உண்மையான காகிதங்களாக இருந்தும், மூன்றில் ஒன்றாலும் நம்பர் வராது. படிவம் 22-ம் வாகன் தளத்தில் மாடல் பெயரும் இருக்கிறதா என்ற இரண்டே கேள்வி போதும்.

விலைப் பட்டியலின் அடியில் 'சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு வரி பல நேரம் இருக்கும். அந்த ஒரு வரிக்காகவே பில்லை முழுக்கப் படிக்கவேண்டும். பின்னால் வழக்கு என்று போனால் விற்றவர் காட்டுவது அதைத்தான்.

பேட்டரி குவாட் வாங்கினால் நம்பரே தேவையில்லை என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட சிறிய ஸ்கூட்டர்களுக்கு உள்ள விலக்கை வைத்துச் சொல்வது அது. சந்தையில் உள்ள பேட்டரி குவாட்களில் மோட்டார் 500 வாட், 1,000 வாட், அதற்கும் மேல். விலக்கு அவற்றை எட்டாது.

குறுக்கு வழிகளும் உண்டு. பழைய பைக்கின் என்ஜினைக் குவாட்டில் இறக்கி, அந்த பைக்கின் ஆர்.சி.யையே வைத்து ஓட்டுவது ஒன்று. என்ஜின் எண் ஒத்துப்போகும், சரி; ஆர்.சி.யில் 'இரு சக்கரம்' என்று எழுதியிருக்குமே, அதை எங்கே மறைப்பது? பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182-ஏ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. வீட்டில் நிற்கும் ஸ்கூட்டரின் நம்பரை எழுதி ஒட்டுவது இன்னும் மோசம். அது மோட்டார் வாகன வழக்கோடு நில்லாமல் மோசடி வழக்காகிவிடும்.

பட்டறையில் நாமே கட்டினால்? லேத் பட்டறையும் வெல்டிங்கும் தெரிந்த கைகள் நம்மூரில் நிறைய. வடநாட்டில் 'ஜுகாட்' என்று பம்ப் செட் என்ஜினை வைத்துக் கட்டி ஓட்டும் வண்டிகளைப் பற்றி 2013-ல் உச்ச நீதிமன்றம், அவையும் சட்டப்படி மோட்டார் வாகனமே, பதிவின்றி ஓடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கையால் கட்டியது என்பதால் சட்டத்துக்கு வெளியே போய்விடாது.

எதுவரை சொந்த இடம், எங்கிருந்து சாலை

பிரிவு 2(28), தொழிற்சாலைக்குள்ளோ வேலியடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும் தனிவகை வண்டியை மோட்டார் வாகனக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுற்றுலா இடங்களில் வளாகத்துக்குள் 'ரைடு' விடுபவர்கள் இதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டுபவருக்கும் இது நிழல் தரும்.

வேலிக்கு வெளியே வந்ததும் பிரிவு 2(34) வந்துவிடும். பொதுமக்கள் உரிமையோடு நடமாடும் எந்த இடமும் 'பொது இடம்'. தார் போட்டிருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. குளத்துக்கரை, ஊர்ப் பொது வண்டிப்பாதை, கடற்கரை, கோயில் கொடைக்குப் பொட்டலாகக் கிடக்கும் மைதானம் எல்லாம் இதில் வரும். தேரி என்றாலே யாருக்கும் சொந்தமில்லாத வெட்டவெளி என்று நினைப்பதும் தப்பு. அதில் பட்டா நிலமும் உண்டு, வனத்துறைக் காடும் உண்டு. மேற்கே போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே நம்பர் உள்ள வண்டிக்கே அனுமதியில்லாமல் இடமில்லை.

பிடிபட்டால் பதிவின்மைக்குப் பிரிவு 192-ன்படி முதல் முறை 5,000 ரூபாய் வரை, மறுமுறை 10,000 வரை அல்லது ஓராண்டு வரை சிறை. காப்பீடு இல்லாததற்குத் தனியாக 2,000. உரிமம் இல்லாததற்கு 5,000. பிரிவு 207-ன்படி வண்டியைப் பிடித்து வைக்கலாம். சாதாரண வண்டியைக் காகிதம் காட்டி மீட்டுவிடலாம். காட்டவே காகிதம் இல்லாத வண்டி காவல் நிலைய வாசலில் வெயிலில் காயும்.

அபராதம் சின்ன விஷயம். பெரியது, யார்மேலாவது இடித்துவிட்டால் வருவது. பதிவில்லாத வண்டிக்குச் சாலைக் காப்பீடு கிடைக்காது. தற்காலிகப் பதிவு காலாவதியான பிறகு சாலையில் ஓடி விபத்தான ஒரு வண்டிக்கு, பதிவின்றிச் சாலையில் ஓட்டியதே அடிப்படை மீறல் என்று சொல்லி இழப்பீட்டை மறுத்ததை 2014-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் பதிவு இருந்த வண்டிக்கே அந்தக் கதி. குவாட் மோதி ஒருவருக்குக் கால் போனால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை உரிமையாளர் தன் கையிலிருந்துதான் கட்டவேண்டும். நிலத்தை விற்றுக் கட்டுமளவுக்கும் அது போகும்.

லீவுக்கு வளைகுடாவிலிருந்து வருபவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் 49 சி.சி., 110 சி.சி. குட்டிக் குவாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவர் பொது இடத்தில் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பிரிவு 199-ஏ-யின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடையாது. விளையாட்டுச் சாமான் கடையில் விற்றது என்பது வாதமாகாது.

தார்ச்சாலை ஏன் ஆகாது

சட்டம் முரண்டு பிடிக்கிறது என்று நினைப்பவர்கள் வண்டியின் அடியில் குனிந்து பின் அச்சைப் பார்க்கவேண்டும். சிறிய குவாட்களிலும் விளையாட்டுக் குவாட்களிலும் பின் அச்சு ஒரே உருட்டுக் கம்பி. நடுவே ஒரு ஸ்பிராக்கெட், அதில் செயின். வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும், காரில் உள்ள டிஃபரன்ஷியல் இதில் இல்லை. வலது சக்கரம் எத்தனை சுற்றோ இடதும் அத்தனையே. பல பண்ணைக் குவாட்களிலும் பின்பக்கம் பூட்டியபடியே இருக்கும். சிலவற்றில் மட்டும் சுவிட்சைத் தட்டி விடுவிக்கலாம்.

இரண்டு பின்சக்கரங்களின் நடுக்கோட்டுக்கு இடையே 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் முழுக் கால்வட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 1.41 மீட்டர் கூடுதலாக உருளவேண்டும். சுற்றோ சமம். எனவே ஏதாவது ஒரு சக்கரம் அந்த 1.41 மீட்டரைத் தேய்த்துக்கொண்டே கடக்கவேண்டும். மணலில் இது தெரியாது, மணல் வழிவிடும். தார் விடாது. ஹேண்டிலைத் திருப்பிய பிறகும் வண்டி நேராகவே முட்டிக்கொண்டு போகும். ஓட்டுபவர் பதறி இன்னும் ஒடிப்பார். திடீரென்று பிடி கிடைத்து வண்டி சுண்டித் திரும்பும்.

அடுத்தது கவிழ்வு. ஆள் ஏறி உட்கார்ந்த பின் மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் என்று கொண்டால், 90-ஐ 55-ன் இருமடங்கால் வகுத்தால் 0.82. பக்கவாட்டு விசை எடையில் 82 விழுக்காட்டைத் தொட்டதும் உள்சக்கரங்கள் தூக்கும் என்று இதற்குப் பொருள். கார்களில் இந்த எண் பெரும்பாலும் 1.3-க்கு மேல். 8 மீட்டர் ஆரமுள்ள முனையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்பினால் பிறக்கும் விசை 88 விழுக்காடு. 20 கிலோமீட்டரில் என்றால் 39 மட்டுமே. தேரியில் 30-ல் ஒடித்தாலும் டயர் முதலில் வழுக்கிவிடும், அதனால் கவிழாது. காய்ந்த தாரில் டயர் கவ்வும், வழுக்குமுன் கவிழும். மணலில் நாலு வருஷம் ஓட்டிப் பழகிய கை ரோட்டில் ஏறிய முதல் வாரம் விழுவது இதனால்தான். அமெரிக்காவில் மூன்று சக்கரப் பதிப்புகளின் விற்பனை 1988-ல் அரசோடு செய்த உடன்பாட்டால் நின்றதற்கும் கவிழ்வுதான் காரணம். நாலாவது சக்கரம் ஆபத்தைக் குறைத்தது, போக்கவில்லை.

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கும். 22×10-10 என்றால் 22 அங்குல உயரம், 10 அங்குல அகலம், 10 அங்குல ரிம். அதன் பக்கத்திலேயே 'என்.எச்.எஸ்.' என்ற மூன்று எழுத்து இருக்கும்: நெடுஞ்சாலைக்கு ஆகாது என்பதன் சுருக்கம். ஓட்டும் காற்றழுத்தம் 4 முதல் 6 பி.எஸ்.ஐ.தான். இன்னொரு பெரிய எண்ணும் பொறித்திருக்கும். அது டயரின் விளிம்பை ரிம்மில் உட்கார வைக்கும்போது தாண்டக்கூடாத உச்ச அழுத்தம். அதையே ஓட்டும் அழுத்தம் என்று நினைத்து 25, 30 ஏற்றுவது பெட்ரோல் பங்குகளில் சாதாரணமாக நடக்கும் தவறு. டயர் பலூன்போல் உப்பி நடுவில் ஒரு பட்டை மட்டும் தரையைத் தொடும், வண்டி பந்துபோல் துள்ளும். பங்கில் உள்ள கேஜ் 10-க்குக் கீழே சரியாகக் காட்டாது. 0 முதல் 15 வரை காட்டும் சின்ன கேஜ் ஒன்று சொந்தமாக வைத்திருக்கவேண்டும். 5 பி.எஸ்.ஐ.யில் தாரில் ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். குமிழ் ரப்பர் கொஞ்ச நாளிலேயே தேய்ந்துவிடும்.

விளக்கு மாட்டுவது வீண் வேலை இல்லை

நம்பருக்கு உதவாது என்றாலும், தோட்டத்துக்குள் இருட்டில் ஓட்டுபவருக்கு முன்விளக்கும் பின் சிவப்பு விளக்கும் பிரேக் விளக்கும் வேண்டும். 'ரோடு லீகல் கிட்' என்று விற்கும் பொட்டலங்களில் உபயோகமான பகுதி இதுதான். மாட்டுமுன் கணக்குப் போடவேண்டும். சின்னக் குவாட்டின் ஸ்டேட்டர், அதாவது என்ஜினில் மின்சாரம் தரும் சுருள், நல்ல வேகத்தில் 90 வாட் கொடுக்கிறது என்று வைப்போம். ஐடிலில் அதில் பாதிகூட வராது. 35 வாட் முன்விளக்கு இரண்டு, பின்விளக்கு 5, பிரேக் 21, ஒரு பக்க இன்டிகேட்டர் 10 வீதம் இரண்டு: மொத்தம் 116. மீதி பேட்டரியிலிருந்து போகும். 4 அல்லது 5 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாள் ராத்திரி வேலையில் படுத்துவிடும். காலையில் செல்ஃப் அடித்தால் 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் வரும். எல்.இ.டி.யாகப் போட்டால் மொத்தமும் 40 வாட்டுக்குள் அடங்கும்.

எல்.இ.டி. இன்டிகேட்டர் போட்டதும் படபடவென்று வேகமாக அடிப்பதோ, அணையாமல் நின்று எரிவதோ நடக்கும். இன்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர் ரிலே 20 வாட் பளுவை எதிர்பார்க்கும், இது இழுப்பது 4 வாட். மின்னணு பிளாஷருக்கு மாற்றினால் சரியாகும். பிரேக் விளக்கு சுவிட்சைக் கை லீவரில் மட்டும் வைத்துவிட்டுக் கால் பெடலை மறப்பதும் வழக்கம். ஒயர்களை சைலன்சர் பக்கமாகக் கொண்டுபோகவேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் 10 ஆம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள்.

சாலையைக் கடக்க இன்னொரு வண்டி

சான்றில்லாத குவாட் கையில் இருந்தால், தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு அதைச் சுமந்து போவதே வழி. டாடா ஏஸ் போதும். அதன் தட்டு ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். 2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள குவாட் அதில் உட்காரும்.

ஏற்றும்போதுதான் ஆள் விழுகிறார்கள். தட்டு 75 சென்டிமீட்டர் உயரம் என்றால் 2.1 மீட்டர் சாய்பலகையில் சரிவு 21 பாகை வரும். அதைவிடக் குட்டைப் பலகை வேண்டாம். பலகையின் மேல்முனையைச் சங்கிலியால் வண்டியோடு கட்டியே ஆகவேண்டும். குவாட்டின் பின்சக்கரம் பலகையில் ஏறி உந்தும்போது, கட்டாத பலகை பின்னால் எற்றிக்கொண்டு போய்விடும். முன்சக்கரம் தட்டில், பின்சக்கரம் அந்தரத்தில், வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்க விழும். கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச் இருந்தால் யாரும் ஏறி உட்காராமல் இழுத்து ஏற்றுவது உத்தமம். இறக்கும்போதும் அப்படியே, மெதுவாக விட்டு விட்டு.

ஏற்றியதும் கியர் போட்டு, பார்க்கிங் பிரேக் பிடித்து, பெட்ரோல் டேப்பை அடைக்கவேண்டும். இறுக்கிக் கட்டும் பட்டையான ராச்செட் ஸ்ட்ராப் நாலு, மூலைக்கு ஒன்று, எதிர்த் திசைகளில் இழுத்தபடி. ஹேண்டில்பாரிலோ பிளாஸ்டிக் மூடியிலோ சுமைத் தட்டிலோ மாட்டக்கூடாது, சேசிஸ் சட்டத்தில் மாட்டவேண்டும். சஸ்பென்ஷன் பாதி அமுங்கும்வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கினால் குழியில் விழும் அதிர்ச்சி எல்லாம் ஸ்ட்ராப்புக்குப் போய் அறுந்துவிடும். கிளம்பி நாலைந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி நாலையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். 5 பி.எஸ்.ஐ. டயர் அதற்குள் அமுங்கி, முதலில் போட்ட இறுக்கம் தளர்ந்திருக்கும்.